பன்றிக் காவலுக்கு ஒரு சிவப்புப் புள்ளி

‘லேசர் விளக்கும் மணியும் வைத்துக் காட்டுப்பன்றிக்குக் காவல் போடலாம் என்கிறார்களே, அதை நாமே செய்ய முடியுமா? கடையில் வாங்கிய லேசர் ஒரே நாளில் கெட்டுப்போய்விடுகிறது, ஏன்?’ கடலை போடும் பருவம் வந்தால் இப்படி ஒரு கேள்வி யாரிடமிருந்தாவது வந்துவிடும். போன பருவத்தில் என் தங்கை வீட்டிலிருந்தே வந்தது. அதனால் பதிலை அந்தக் கதையோடு சேர்த்தே சொல்கிறேன்.

நான் குரோம்பேட்டைக்காரன். தோல் பதனிடும் குரோம் லெதர் கம்பெனியால் பெயர் வந்த ஊர் இது. 1949-ல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. கல்லூரியும் இங்கேதான் இருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ், கருவிப் பொறியியல் என்றெல்லாம் நாட்டில் பலர் கேள்விப்படாத காலத்திலேயே அவற்றைப் பாடமாக வைத்த கல்லூரி. நான் அங்கே படித்தவன் இல்லை. ஆனால் முப்பது வருடம் அளவுக் கருவிகளைப் பழுது பார்த்துப் பிழைத்தவன். தங்கையைக் கொடுத்தது அச்சிறுபாக்கம் பக்கத்தில் ஒரு கிராமத்தில். இரண்டு ஏக்கர் நிலம், ஒரு போகம் நெல், ஒரு போகம் கடலை. ஏரி உள்வாயில் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலங்காடுதான் பன்றிகளுக்கு வீடு. கடலை காய் பிடித்து முற்றும் நேரத்தில் இரவில் இறங்கினால், காலையில் ஏர் ஓட்டியதுபோல் வயல் புரண்டு கிடக்கும்.

தங்கை மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய்விட்டு, ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்தான். பையில் பழைய டி.வி.டி. ரைட்டர் இரண்டு இருந்தன.

“மாமா, வயலைச் சுத்தி லேசர் விடப்போறேன். நடுவுல பன்னி வந்தா சைரன் அடிக்கும். ஆனா வாங்கின ரெண்டு லேசர் டயோடும் போயிடுச்சு. புதுசா வாங்கின பவர் சப்ளையில 2.5 வோல்ட்தான் வெச்சேன். பளிச்சுன்னு ஒரு நொடி எரிஞ்சுது, அப்புறம் மங்கிடுச்சு. அதான் டி.வி.டி. ரைட்டர்ல இருக்கிற பவர் ஜாஸ்தியான டயோடைக் கழட்டிப் போடலாம்னு பாக்கறேன்.”

“அப்பா என்ன சொல்றாரு?”

“இதெல்லாம் ஆவுற கதையில்ல, மோட்டார் கொட்டாயிலேருந்து ஒரு கம்பியை இழுத்து வயலைச் சுத்திக் கட்டிடறேன்னு சொல்றாரு மாமா.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பையன் கையில் இருந்த டயோடு கண்ணைப் பறிக்கும். அப்பா சொன்ன கம்பி உயிரையே பறிக்கும். இரண்டு பேரையும் நிறுத்தியாக வேண்டும். ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லி எந்த விவசாயியையும் நிறுத்த முடியாது. வயலில் பயிர் நிற்கிறதே! வேறு வழியைக் காட்டினால்தான் கேட்பார்கள்.

கலங்கல் கணக்கு

முதலில், டயோடு ஏன் கெட்டது? பையன் வைத்திருந்தது 30 வோல்ட், 5 ஆம்பியர் வரை தரும் சின்ன மேசைப் பவர் சப்ளை. பொழுதுபோக்காக எலெக்ட்ரானிக்ஸ் செய்பவர்கள் எல்லோரும் வாங்குவது. முகப்பில் இரண்டு திருகு இருக்கும்: ஒன்று வோல்டேஜ், இன்னொன்று கரண்ட்.

நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம்தான் வோல்டேஜ், வெளியே ஓடும் தண்ணீர்தான் கரண்ட். சாதாரண குண்டு பல்பு ஒரு நீளமான குழாய் மாதிரி. மட்டம் கொஞ்சம் ஏறினால் தண்ணீரும் கொஞ்சம்தான் கூடும். லேசர் டயோடு அப்படியில்லை. அது கலங்கல் மாதிரி. மட்டம் கலங்கலைத் தொடும்வரை ஒரு சொட்டு வராது. தொட்டபிறகு நாலு விரற்கடை ஏறினால் போதும், வெள்ளம்.

சிவப்பு லேசர் டயோடுக்கு அந்தக் கலங்கல் ஏறத்தாழ 2.2 வோல்ட்டில் இருக்கிறது. அதற்கு மேல் 0.1 வோல்ட் கூடினாலே கரண்ட் பல மடங்காகிவிடும். இன்னொரு வம்பும் உண்டு. டயோடு சூடேறினால் அந்தக் கலங்கலே தாழ்ந்துபோகும். வோல்டேஜை அசையாமல் பிடித்துவைத்தால், சூடு ஏற ஏறக் கரண்ட் கூடும், கரண்ட் கூடக் கூடச் சூடு ஏறும். கடைசியில் கரை உடைந்துவிடும். டயோடின் ஒளி வெளிவரும் முகம் தலைமுடியைவிட மிகவும் மெல்லியது. அளவுக்கு மீறிய ஒளி அந்த முகத்தையே கருக்கிவிடும். கண் சிமிட்டும் நேரம்கூட வேண்டாம். கெட்ட டயோடு அணைந்துபோகாது, சாதாரண எல்.இ.டி. மாதிரி மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். கற்றை மட்டும் இருக்காது. பையன் பார்த்தது அதைத்தான்.

ஆக, லேசருக்குக் கட்டுப்படுத்த வேண்டியது வோல்டேஜை அல்ல, கரண்டை. 5 மில்லிவாட் சிவப்பு லேசருக்குச் சுமார் 25 முதல் 35 மில்லி ஆம்பியர் போதும். ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லி ஆம்பியர்.

“அப்போ கரண்ட் திருகைக் குறைச்சு வெச்சா சரியாப்போச்சா மாமா?” என்றான். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மூன்று காரணம் சொன்னேன்.

ஒன்று, 5 ஆம்பியருக்குச் செய்த திருகில் 25 மில்லி ஆம்பியர் என்பது லாரி எடை மேடையில் மஞ்சள் நிறுப்பது போல. திருகை மயிரிழை அசைத்தாலே நூறு மில்லி ஆம்பியர் தாண்டிவிடும். இரண்டு, அதன் மீட்டர் 10 மில்லி ஆம்பியர் படியில்தான் காட்டும். 0.02 என்று காட்டும்போது உள்ளே 25 ஓடுகிறதா 29 ஓடுகிறதா என்று தெரியாது. மூன்றாவதுதான் முக்கியம். பவர் சப்ளையின் வாயிலில் ஒரு பெரிய கெபாசிட்டர் இருக்கிறது. ஒன்றும் மாட்டாதபோது அது முழு வோல்டேஜுக்கு நிரம்பியிருக்கும். நீங்கள் லேசரை மாட்டிய நொடியில், கரண்ட் திருகு வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்பே, நிரம்பிய தொட்டி மொத்தமும் டயோடில் கொட்டிவிடும். வயர் லூசாக இருந்து விட்டுவிட்டுத் தொட்டாலும் இதே கதைதான்.

30 மில்லி ஆம்பியர்

இந்த இடத்தில் மச்சானுக்கே போன் போட்டேன். “மச்சான், உங்க மவன் லேசர் 30 மில்லி ஆம்பியருக்கு மேல போனா தாங்காதுன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். மனுசனுக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான், தெரியுமா?” என்றேன்.

வீட்டு மெயின் போர்டில் உயிர்க்காப்பு சுவிட்ச் ஒன்று இருக்குமே, ஆர்.சி.சி.பி., அதில் 30 எம்.ஏ. என்று எழுதியிருக்கும். அதற்குமேல் மின்சாரம் ஆள் வழியாக மண்ணுக்கு ஓடினால் உயிருக்கு ஆபத்து என்பதால்தான் அந்த அளவில் அது விழுகிறது. மோட்டார் கொட்டகையிலிருந்து இழுக்கிற கம்பிக்கு எந்தக் காவலும் கிடையாது. அங்கே உள்ள ஃபியூஸ் பல ஆம்பியர் ஓடினால்தான் போகும். அது மோட்டாரைக் காப்பாற்ற வைத்தது, மனிதனைக் காப்பாற்ற அல்ல. ஈர வரப்பில் வெறுங்காலோடு நிற்கிற ஒருவர் 230 வோல்ட் கம்பியைத் தொட்டால், அந்த ஃபியூஸ் அசையக்கூட அசையாது.

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் இப்படிச் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பின. பன்றிக்கு வைத்த கம்பியில், விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்களும் செத்திருக்கிறார்கள். அடுத்த வயல்காரர், சில இடங்களில் கம்பி கட்டியவரே. வழக்கு, சிறை எல்லாம் அப்புறம். போன உயிர் போனதுதான்.

மின்வேலி வேண்டுமென்றால் முறையான வேலி இருக்கிறது. பேட்டரியில் ஓடி, சுமார் ஒரு நொடிக்கு ஒருமுறை மிகக் குறுகிய நேரம் மட்டும் துடிப்பாக அதிர்ச்சி கொடுக்கும் வேலி. அதை அமைப்பதற்கும் பதிவு செய்வதற்கும் தமிழக அரசு 2023-ல் விதிகள் கொண்டுவந்திருக்கிறது. வேளாண் பொறியியல் துறையிலும் வனத்துறையிலும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப பையன் சொல்றதையே ஒரு வாட்டி பாத்துட்டுச் சொல்லு” என்றார். எனக்கு அது போதும்.

செய்த முறை

டி.வி.டி. ரைட்டர் டயோடு வேண்டாம் என்று பையை வாங்கி வைத்துக்கொண்டேன். தட்டில் எழுதுவதற்காகச் செய்த டயோடு அது, 100 மில்லிவாட்டுக்கும் மேலே போகும். பன்றிக் காவலுக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் தேவையே இல்லை. கடையில் லென்ஸும் பித்தளைக் கூடும் சேர்த்து, உள்ளேயே ஒரு சின்ன ரெசிஸ்டரோடு வரும் 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் மாட்யூல் கிடைக்கிறது. ரிச்சி தெருவில் தேநீர், வடைச் செலவுதான் ஆகும். பழக்கமில்லாதவர்கள் அதையே வாங்குங்கள்.

அதற்கு நிலையான கரண்ட் தர, எல்.எம்.317 என்ற மூன்று கால் ஐ.சி. ஒன்று போதும். இது தன் ‘அவுட்’ காலுக்கும் ‘அட்ஜஸ்ட்’ காலுக்கும் நடுவே எப்போதும் 1.25 வோல்ட் வைத்துக்கொள்ளும். அந்த இரண்டு காலுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டரைப் போட்டு, லேசருக்குப் போகும் கரண்ட் முழுவதையும் அதன் வழியாக விட்டால், கரண்ட் தானாகக் கட்டுக்குள் நிற்கும். 1.25-ஐ ரெசிஸ்டர் மதிப்பால் வகுத்தால் விடை. 47 ஓம் போட்டால் சுமார் 26 மில்லி ஆம்பியர். 56 ஓம் என்றால் 22. முதலில் 56 போட்டுப் பாருங்கள். ஒளி போதவில்லை என்றால் மட்டும் 47-க்கு வாருங்கள்.

இணைப்பு இப்படி: பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு ஆம்பியர் ஃபியூஸ், பிறகு ஒரு 1என்4007 டயோடு. மாற்றி மாட்டிவிட்டால் இதுதான் காப்பாற்றும். அங்கிருந்து ஐ.சி.யின் ‘இன்’ கால். ‘அவுட்’ காலிலிருந்து ரெசிஸ்டர். ரெசிஸ்டரின் மறுமுனையில் ‘அட்ஜஸ்ட்’ காலும் லேசரின் பாசிட்டிவும். லேசரின் நெகட்டிவ் பேட்டரியின் நெகட்டிவுக்கு. எழுத்து நம்மைப் பார்க்கும்படி ஐ.சி.யைப் பிடித்தால் இடது கால் அட்ஜஸ்ட், நடுக்கால் அவுட், வலது கால் இன்.

மேசைப் பவர் சப்ளையைத் தூக்கிப்போட வேண்டாம். அதை ஏரியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மதகு வேலையை இந்த ஐ.சி. பார்த்துக்கொள்ளும். சோதிக்கும்போது இந்த வரிசையைத் தப்பாமல் செய்தோம்:

1. லேசரை எடுக்கவே இல்லை. அதற்குப் பதிலாக மூன்று 1என்4007 டயோடுகளை வரிசையாகக் கட்டி, கடைசியில் ஒரு 1 ஓம் ரெசிஸ்டர் சேர்த்தோம். மூன்றும் சேர்ந்து 2 வோல்ட் சொச்சம் பிடிக்கும். அதாவது ஒரு பொம்மை லேசர்.

2. பவர் சப்ளையின் வோல்டேஜைப் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்து, மெல்ல 12-க்கு ஏற்றினோம். 1 ஓம் ரெசிஸ்டரின் இரு முனையில் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்தால், காட்டும் எண்ணே மில்லி ஆம்பியர். 22 காட்டியது. 12-ஐ 9 ஆக்கினோம், 14 ஆக்கினோம். 22 அசையவில்லை. அப்போதுதான் பையன் முகத்தில் சிரிப்பு வந்தது.

3. பவர் சப்ளையை அணைத்து, வோல்டேஜ் முழுவதும் இறங்கும்வரை காத்திருந்தோம். பிறகு பொம்மையைக் கழற்றி லேசரைப் பற்றவைத்தோம். பிளக்கில் மாட்டிக்கொண்டு வயரைத் தொட்டுப் பார்க்கும் வேலையே கிடையாது.

4. திரும்பவும் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றினோம். அணைக்கும்போதும் முதலில் இறக்கி, பிறகுதான் கழற்றினோம். எரியும்போது எந்த வயரையும் பிடுங்கக் கூடாது.

மாட்யூலாக இல்லாமல் வெறும் டயோடை வாங்கினால் இன்னும் இரண்டு எச்சரிக்கை. நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரமே அதைக் கொன்றுவிடும். அதன் கால்களை ஒரு மெல்லிய கம்பியால் சுற்றிவைத்து, சர்க்யூட்டில் பற்றவைத்த பிறகு அந்தக் கம்பியை எடுங்கள். சால்டரிங் அயர்னுக்கு எர்த் இருக்க வேண்டும். அதோடு, எந்தக் கால் எது என்பது டயோடுக்கு டயோடு மாறும். விற்பவரிடம் அதன் விவரத்தாளைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

வயலில் மின்சாரத்துக்கு மருந்து தெளிக்கும் பேட்டரி ஸ்பிரேயரே போதும். பெரும்பாலும் அதில் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். லேசர் ஒரு இரவில் 12 மணி நேரம் எரிந்தால் கால் ஆம்பியர்-மணிக்குக் கொஞ்சம் கூடத்தான் செலவு. சைரனும் ரிலேயும் சேர்ந்தாலும் பல இரவு தாங்கும்.

வயலில் வைத்தபோது

எதிர்முனையில் ஒளியை வாங்க ஒரு எல்.டி.ஆர். வைத்தோம். அதை ஒரு முழ நீளப் பி.வி.சி. பைப்புக்குள் ஆழமாகச் செருகி, உள்பக்கம் கறுப்புப் பெயின்ட் அடித்தோம். நிலா வெளிச்சமும் வண்டி ஹெட்லைட்டும் உள்ளே போகாது. ஒளி அறுந்தால் ரிலே விழுந்து வீட்டு வாசலில் சைரன் அடிக்கும்.

கற்றை தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில். பகலில் சிவப்புப் புள்ளி தெரியாது, அந்தி சாயும்போது ஒரு வெள்ளை அட்டையை வைத்துக்கொண்டுதான் நேர் பார்க்க முடியும். தூரம் போகப் போகப் புள்ளி விரியும், 50 மீட்டரில் உள்ளங்கை அளவுக்கு வந்துவிடுகிறது. கண்ணாடி வைத்து நாலு பக்கமும் திருப்பலாம் என்று பையன் முயன்றான். காற்றில் கம்பு ஒரு நூல் அசைந்தாலும் ஒளி எங்கேயோ போய்விடுகிறது. ஏரிப் பக்கம் மட்டும் ஒரே நேர்க்கோடாகப் போட்டு விட்டோம். கல்தூண் ஊன்றிய பிறகுதான் நிலைத்தது.

முதல் வாரத்தில் சைரன் பலமுறை பொய்யாக அடித்தது. புல் வளர்ந்து மறைத்தது, சிலந்தி வலை பின்னியது, லென்ஸில் பனி படிந்தது, தெரு நாய் போனது. கற்றை போகும் பாதையில் ஒரு முழ அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி, லென்ஸுக்கு ஒரு கூரை வைத்த பிறகு குறைந்தது. அந்த வாரக் கடைசியில் நிஜமாகவே பன்றிக் கூட்டம் வந்தது. சைரன் கேட்டு மச்சானும் பக்கத்து வயல்காரரும் டார்ச்சும் தகரமும் எடுத்துக்கொண்டு போனார்கள். கூட்டம் திரும்பிவிட்டது.

இதோடு பன்றித் தொல்லை தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். லேசர் பன்றியைத் தடுக்காது, பன்றி வந்ததைச் சொல்லும், அவ்வளவுதான். எழுந்து போக ஆள் வேண்டும். சத்தத்துக்குப் பன்றி பழகியும் விடும். கற்றை இல்லாத வடக்குப் பக்கமாக வந்து கொஞ்சம் கடலையைத் தின்றுவிட்டுத்தான் போயின. ஆனால் மச்சான் இரவெல்லாம் பரணில் கண்விழித்துக் கிடக்கவில்லை. கம்பியும் கட்டவில்லை.

கண் பத்திரம்

“பச்சை லேசர்னா இன்னும் பளிச்சுன்னு இருக்குமே மாமா?” என்று பையன் கேட்டான். மலிவான பச்சை லேசருக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு டயோடு. அந்த ஒளியைப் படிகங்கள் வழியாக விட்டுத்தான் பச்சையாக மாற்றுகிறார்கள். தடுப்பு வடிகட்டி இல்லாத பொருளில் அகச்சிவப்பும் சேர்ந்து வெளியே வந்துவிடும். 2010-ல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் சோதித்த ஒரு மலிவான பச்சை லேசரில், பச்சையைவிட அகச்சிவப்பு ஒளியே அதிகமாக வந்தது. தெரியாத ஒளிக்குக் கண் சிமிட்டாது. அதனால் வேண்டாம்.

சிவப்பிலும் 1 மில்லிவாட்டுக்கு உட்பட்டது இரண்டாம் வகுப்பு. தவறிக் கண்ணில் பட்டாலும் நாம் சிமிட்டும் கால் நொடியில் தப்பிவிடலாம். 5 மில்லிவாட் வரை 3ஆர். அதற்குமேல் 500 வரை 3பி, கண்ணுக்கு நேரடி ஆபத்து. பூதக்கண்ணாடி வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரிப்பதுபோல், நம் கண்ணே லேசரை விழித்திரையில் ஒரு ஊசிமுனையில் குவிக்கும். எரியும்போது வலிக்காது. எரிந்த இடம் திரும்ப முளைக்காது.

ஆகவே கற்றை வழிப்பாதையின் குறுக்கேயோ, வீட்டை நோக்கியோ போகக் கூடாது. அது முடியும் இடத்தில் பைப்போ பலகையோ இருக்க வேண்டும். பிள்ளைகள் குனிந்து எட்டிப் பார்க்காமல் இருக்கச் சொல்லிவையுங்கள், ஒரு பலகையில் எழுதியும் வையுங்கள். வானத்தை நோக்கி ஒருபோதும் பிடிக்காதீர்கள். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிற எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2025-ல்கூடச் சென்னையில் இறங்க வந்த விமானத்தின் மீது யாரோ லேசர் அடித்ததாகச் செய்தி வந்தது. இறங்கும் நேரத்தில் விமானியின் கண் கூசினால், உள்ளே இருப்பவர்கள் கதி என்ன?

வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் இரண்டு கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பிரேயர் பேட்டரியில் ஒரு ரெசிஸ்டர் மட்டும் போட்டு லேசரை எரியவிடலாமா? எரியும். ஆனால் சார்ஜ் ஏற்றும்போது பேட்டரி 14 வோல்ட்டுக்கு மேலே போகும், இறங்கும்போது 11-க்கு வரும். கரண்டும் கூடவே ஏறி இறங்கும். சில ரூபாய் ஐ.சி. அந்தக் கவலையை எடுத்துவிடும்.

செல்போன் சார்ஜரில் கொடுக்கலாமா? 5 வோல்ட் மாட்யூலாக இருந்தால் வீட்டில் சோதிக்க ஆகும். வெறும் டயோடுக்கு ஆகாது. வயலுக்கு 230 வோல்ட் வயரை இழுத்துக்கொண்டு போய்ச் சார்ஜர் மாட்டுவது அறவே கூடாது. எந்தக் கம்பி வேண்டாம் என்று இத்தனையும் செய்தோமோ, அது வேறு வேடத்தில் வயலுக்குள் வந்த மாதிரி ஆகிவிடும்.